எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது சொல்

செத்துப்போன ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு நாற்பது ரீம் வெள்ளைத்தாள் என்று விலை வைத்தார் அத்தர்க்காரர்.

“அறுபதா முடிச்சுக்கலாமே” என்றேன் நான்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தராசுக் கல்லை மாற்றிவைத்த கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்த வாடிக்கையாளர் மாதிரி பார்த்தாள். செத்துப்போன அந்த மனிதர் அவள் புருஷன், என் அத்தான்.

நான் பேரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘அம்மா’வுக்கு அடுத்தபடியாகப் பழகும் சொல் ‘குறைச்சுக்கோ’. எதை வாங்கினாலும் கிளம்பும்போது மேலும் ஒன்றைக் கேட்டு வாங்குவேன். எதை விற்றாலும் தேங்கிக் கிடக்கிற சரக்கில் ஒன்றைச் சேர்த்துத் தள்ளிவிடுவேன். கடைத்தெருவில் எனக்குப் பெயரே கொசுறு. முன்பக்கம் நோட்டு, பேரேடு விற்கும் கடை, பின்பக்கம் அச்சுக்கூடம். முன்பக்கம் நான், பின்பக்கம் அக்கா.

“அறுபது வேணாம், அம்பத்தஞ்சு” என்றார் அத்தர்க்காரர். ஊரிலேயே பெரிய பதிப்பாளர். அவர் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே அவருடைய வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். “தங்கச்சி ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட்டாப் போதும். ‘இந்தப் புத்தகம் என் வீட்டுக்காரர் உங்க ஆபீஸ்ல வேலை பார்த்தப்ப எழுதினது, கையெழுத்துப் பிரதியை எடுத்துட்டு வந்துட்டார்’னு. அவ்வளவுதான். செத்தவர் கோவிச்சுக்கவா போறார்?”

“திருடிட்டு வந்தார்னு எழுதச் சொல்றீங்க” என்றாள் அக்கா.

“அந்த வார்த்தையை நான் சொல்லலைம்மா.”

“நாலு மணிக்குச் சங்கத்துல பாத்துக்கலாம்.”

அவர் போனார். வாசனை மட்டும் பத்து மணி வரை உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். அத்தான் ஒரு புத்தகம் தொகுத்தார். ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று சந்தேகப்பட வைக்கும் விசித்திரமான சொற்கள், அவற்றுக்குத் தமிழில் பொருள். சட்டைப் பையில் அடங்கும் புத்தகம். எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் என்று அட்டையிலேயே போட்டோம். நன்றாக விற்றது. அவர் போனபிறகு இரண்டாம் பதிப்பு போட்டேன். போன மாதம் அத்தர்க்காரர் தன் பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே சொற்கள். அகர வரிசையைக் கலைத்து, உடம்பு, கடல், சமையலறை, கடைத்தெரு என்று பிரித்து, பொருளில் ஆங்காங்கே வாலைத் திருப்பியிருந்தார். நாங்கள் புகார் கொடுக்க, அவர் எதிர்ப்புகார் கொடுத்தார். அத்தான் முன்பு அவரிடம் பிழை திருத்துபவராக இருந்தது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு, மூலப்பிரதியே தன்னுடையது என்றார். அச்சகத்தார், பதிப்பாளர் சங்கம் இன்று தீர்ப்புச் சொல்லும். தோற்றால் புத்தகத்திலிருந்து அத்தான் பெயர் போகும். ‘திருட்டுப் பிரதி’ என்ற தீர்ப்பு சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு வருஷம் தொங்கும். அந்தப் பலகையைத் தாண்டாமல் இந்தத் தொழிலில் யாரும் தாள் வாங்க முடியாது. அக்கா வாரம் இரண்டு முறை தாண்டுகிறவள்.

எங்களிடம் இருந்த ஒரே பிடி, அத்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. “எவனாவது நம்ம புத்தகத்தைக் காப்பி அடிச்சா பயப்படாதே. உள்ளே ஒரு தூண்டில் போட்டிருக்கேன்.”

அகராதிக்காரர்களிடையே இப்படி ஒரு வேலை உண்டாம். உலகத்திலேயே இல்லாத ஒரு சொல்லைத் தானாக உண்டாக்கி, நல்ல சொற்களுக்கு நடுவே சாதுவாக உட்கார வைத்துவிடுவது. நேர்மையாகத் தொகுக்கிறவன் கண்ணில் அது படவே படாது. காப்பி அடிக்கிறவன் அதையும் சேர்த்து விழுங்குவான்.

எந்தச் சொல் என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவர் சொல்லவில்லை. “உனக்குத் தெரிஞ்சா உன் தம்பிக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள வித்துடுவான்” என்றாராம்.

பின்னறையில் இருபத்திரண்டு செருப்புப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அட்டைகள், அட்டைக்கு ஒரு சொல். முன்பக்கம் சொல்லும் பொருளும். பின்பக்கம், அந்தச் சொல்லைப் பார்த்த இரண்டு பெரிய அகராதிகளின் பெயரும் பக்க எண்ணும். அத்தான் அதை ‘சாட்சி’ என்பார். இரண்டு சாட்சி இல்லாத சொல்லை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

நான்தான் அவசரப்பட்டேன். “எது பொய்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுடும் அக்கா. சரக்கைப் பாத்துத் தரம் சொல்ற பரம்பரை நாம” என்று பொய் முகங்களைத் தேட ஆரம்பித்தேன்.

“இதோ! ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’. ஒரு ஆளைச் சன்னல் வழியாத் தூக்கி வெளியே போடறது. இதுக்கெல்லாமா தனியா வார்த்தை வெச்சிருப்பான்?”

அக்கா அட்டையைத் திருப்பினாள். “ரெண்டு சாட்சி இருக்கு.”

“அப்ப இது. ‘காங்கூஸ்லர்’. கால்வாய்க் கரையில நின்னு, வேலைவெட்டி இல்லாம படகு போறதை வேடிக்கை பாக்கறவன்.”

“ரெண்டு சாட்சி.”

ஷூக் கயிற்று நுனியில் இருக்கும் பூண் ‘ஆக்லெட்’டாம். ‘ஐ’ எழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி ‘டிட்டில்’லாம். காய்ந்த மண்ணில் மழை விழுந்து எழும் வாசனைக்கு ‘பெட்ரிகோர்’. எல்லாவற்றுக்கும் சாட்சி கனமாக இருந்தது. ‘லேன்யாப்’ என்று ஒரு அட்டை வந்தது. பொருளைப் படித்ததும் துள்ளி எழுந்தேன். ‘பொருள் வாங்கியவருக்குக் கடைக்காரர் விலையின்றிச் சேர்த்துக் கொடுக்கும் சிறு பொருள்.’

“அக்கா! கொசுறுக்கு இங்கிலீஷ்! மனுஷன் என்னைத்தான் கிண்டல் பண்ணியிருக்கார். இதுதான் தூண்டில்!”

அக்கா அட்டையைத் திருப்பினாள். மூன்று சாட்சி. கடல் தாண்டி, மூன்று கடை கைமாறி ஆங்கிலத்துக்கு வந்த சரக்கு என்று அத்தான் பொடி எழுத்தில் குறிப்பு வேறு எழுதியிருந்தார்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒன்று விளங்கியது. இந்த மொழியில் மூஞ்சியைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. பேய் என்று பொருள்படும் ‘கோஸ்ட்’டில் ஒரு ‘எச்’ பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. வெளியூர் அச்சுக்கோர்ப்பவர்கள் தங்கள் ஊர்ப் பழக்கத்தில் சேர்த்தது, அப்படியே நின்றுவிட்டது என்பார் அத்தான். கடன் என்று பொருள்படும் ‘டெட்’டில் ஒரு ‘பி’. படித்தவர்கள் பழைய மொழியின் கௌரவத்துக்காகக் கொண்டுவந்து உட்கார வைத்தது. கடன் என்ற சொல்லே ஓர் எழுத்தை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு வாயைத் திறப்பதில்லை! தெருவில் உள்ள எல்லாக் கடையிலும் சரக்கெடுத்து, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி மாட்டிய மொழி. நம் கட்டுமரமும் சுருட்டும்கூட அங்கே தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பொய்யனைத் தேடுவது, பேரம் நடக்கும் தெருவில் ஒரே ஒரு பொய்யைத் தேடுகிற மாதிரி.

“மூஞ்சியைப் பாக்காதடா” என்றாள் அக்கா. “முதுகைப் பாரு. சாட்சி இல்லாத அட்டை எதுவோ அதுதான்.”

நோட்டுக் கட்டு எண்ணுகிற கை எனக்கு. பெட்டிகளைக் கவிழ்த்து, முதுகை மட்டும் பார்த்து, எண்ணிக்கொண்டே போனேன். அக்கா அந்தக் கோடியிலிருந்து வந்தாள். மூன்று மணிக்குக் கடைசிப் பெட்டி முடிந்தது. எல்லா முதுகிலும் இரண்டு சாட்சி. தூண்டில் இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “சும்மா சொல்லியிருக்காரு போல” என்றாள். அழவில்லை. அவர் சும்மா எதையும் சொல்லாத மனுஷன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். என் பங்கு நாலாயிரத்து முந்நூற்று ஆறு. “உன்னோடது எவ்வளவு?”

“நாலாயிரத்து நூத்தி அஞ்சு.”

மறுபடி கூட்டினேன். எட்டாயிரத்து நானூற்றுப் பதினொன்று.

“புத்தக மேலட்டையில பன்னெண்டுன்னு போட்டிருக்கோமே. ஒண்ணு குறையுது அக்கா.”

சொல்லும்போதே ஞாபகம் வந்தது. அந்த ஒன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் பதிப்பு அச்சேறும்போது, இரண்டே இரண்டு வரி கடைசிப் பக்கத்தைத் தாண்டி வழிந்தது. அதற்காகப் பதினாறு பக்கத்தில் இன்னொரு ஃபாரம் போடவேண்டும். இரண்டு வரிக்குப் பதினாறு பக்கத் தாள்! என் ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்தேன். சரியாக இரண்டு வரி நீளமுள்ள ஒரு சொல்லைப் பொறுக்கினேன், பொருளைக்கூடப் படிக்காமல் தூக்கினேன். அக்காவிடம் சொல்லவில்லை. மேலட்டையை அச்சிடும் பிளாக்கை மாற்றச் செலவாகும் என்று பன்னிரண்டைப் பதினொன்று ஆக்கவும் இல்லை.

“டேய்” என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்த்து. “என்னடா பண்ணின?”

முன்பக்கம் ஓடினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் பழைய பில்களைக் குத்திவைக்கும் கம்பி இருக்கிறது. எறியாமல் எதையும் அதில் குத்திவைப்பது என் வழக்கம். அடியிலிருந்து நாலாவதாக இருந்தது. நடுவில் ஓட்டை.

முன்பக்கம்: ‘கோசுரேட். வினைச்சொல். விலை படிந்து, பணம் கைமாறிய பிறகும், மேற்கொண்டு ஏதாவது தரும்படி கடை வாசலில் நின்று நச்சரித்தல்.’

பின்பக்கம்: ‘சாட்சி ஒன்று: மைத்துனன், அவன் கடை, தினமும். சாட்சி இரண்டு: தேவையில்லை. தூண்டில்.’

அக்கா சிரித்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு. பாதியிலேயே அது நின்றது. “இதையாடா எடுத்துப் போட்ட? அவர் வெச்ச ஒரே பூட்டை?”

அத்தர்க்காரரின் புத்தகத்தில் ‘கடைத்தெரு’ பகுதியைப் புரட்டினோம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கோசுரேட். ஓட்டை மட்டும்தான் இல்லை.

சங்கக் கட்டடம் மாடியில். ஒரு நீள மேசை, எட்டுக் கமிட்டிக்காரர்கள், நடுவில் தலைவர். மொத்தத் தாள் வியாபாரி. மேசையில் அவர் பக்கத்து இழுப்பறை, இழுத்தால் கத்தும். படி ஏறும்போதே வாசனை வந்தது. அத்தர்க்காரர் முன்னதாக வந்து, தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அட்டையை வைத்தாள். தூண்டில் என்றால் என்ன என்று சொன்னாள். அவர் புத்தகத்தில் அந்தச் சொல் இருக்கும் பக்கத்தைக் காட்டினாள்.

“இந்த வார்த்தைக்கு உங்க சாட்சி எது? எந்த அகராதி, எந்தப் பக்கம்?” என்று அத்தர்க்காரரைக் கேட்டாள்.

“அதெல்லாம் ஞாபகம் வெச்சுக்க முடியுமாம்மா? எத்தனையோ புத்தகம் பாத்தோம்.”

தலைவர் கைகாட்ட, குமாஸ்தா அலமாரியிலிருந்து இரண்டு தடித்த அகராதிகளைத் தூக்கி வந்தார். பார்த்தார்கள். இரண்டிலும் இல்லை. கமிட்டியில் சலசலப்பு. எனக்கு மூச்சு வந்தது.

அத்தர்க்காரர் அசையவில்லை. எங்கள் இரண்டாம் பதிப்பை எடுத்து, மெதுவாக, பணம் எண்ணுகிற மாதிரி பக்கம் திருப்பினார்.

“தலைவரே, இவங்க புத்தகத்துல இந்த வார்த்தை எங்க இருக்குன்னு கேளுங்க.”

கமிட்டி எங்கள் பக்கம் திரும்பியது.

“இல்ல. இவங்க புத்தகத்துலயே இல்லாததை நான் எப்படிக் காப்பி அடிக்க முடியும்? மேலட்டையில பன்னெண்டுன்னு இருக்கு, உள்ள பதினொண்ணுதான். என்கிட்ட பன்னெண்டும் இருக்கு. யாரு யாருகிட்ட எடுத்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க. இந்த வார்த்தையை என் ஆளுங்க எங்கயோ படிச்சுச் சேர்த்தது. இந்த அட்டையா? இன்னிக்கு மத்தியானம் எழுதினதா இருக்கும்.”

என் சிக்கனம் அக்காவின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

“முதல் பதிப்புல இருக்கு” என்றாள் அக்கா.

“காட்டுங்க” என்றார் தலைவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். முதல் பதிப்பில் மிஞ்சியதை எல்லாம் கொசுறாகக் கொடுத்துத் தீர்த்தவன் நான். வீட்டில் இருந்த அத்தானின் சொந்தப் பிரதியையும் ஒருநாள் அவசரத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்று வந்தவர் சங்கத்துக்காகப் பன்னிரண்டு பேரேடுகள் வாங்கினார். விலை படிந்தது. பணம் கொடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். “வெறுங்கையோட போகச் சொல்றியா?” என்றார். சங்கத்துப் பணத்தில் வாங்கியதற்குத் தனக்கென்று கொசுறு.

அந்த வந்தவர்தான் இப்போது “காட்டுங்க” என்றவர்.

சொன்னால் எட்டுப் பேர் முன்னால் நீதிபதியின் மானம் போகும். கோபத்தில் அவர் எங்களுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதலாம். சொல்லாவிட்டால் அத்தானின் மானம் போகும். கடிகாரம் நாலரையைத் தாண்டியது. மனசுக்குள் பேரம் நடந்தது. இரண்டு பக்கமும் நானே பேசினேன், இரண்டு பக்கமும் நஷ்டம்.

“பிரதி இல்லைன்னா…” என்று அத்தர்க்காரர் ஆரம்பித்தார்.

“தலைவரே” என்றேன். “தீர்ப்புக்கு முன்னாடி அந்த வார்த்தையோட அர்த்தத்தை ஒரு தடவை வாசிச்சுடறேன். கமிட்டிக்கு முழுசாத் தெரியணும்ல?”

“வாசி.”

வாசித்தேன். விலை படிந்து, பணம் கைமாறிய பிறகும், கடை வாசலில் நின்று. ஒவ்வொரு சொல்லாக, தலைவரின் முகத்தை மட்டும் பார்த்து வாசித்தேன்.

கமிட்டியில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். “உன்னைத்தான்டா எழுதியிருக்கார் உங்க அத்தான்!”

“என்னைத்தான் அண்ணே. ஆனா எங்க கடை வாசல்ல அப்படி நின்னவங்க நிறையப் பேர். வாங்கினவங்களை நான் சொல்ல மாட்டேன். கொடுத்தவன் குத்தம்தான் அது. என் அக்கா வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது நான். அது யார்கிட்ட இருக்கோ, அவங்க மனசு வெச்சா உண்டு.”

சிரிப்பு அடங்கியது. தலைவரின் காது நுனி சிவந்தது. அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, அறிவிப்புப் பலகை இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தாவின் பேனா தாளுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

இழுப்பறை கத்தியது.

தலைவர் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மூலை மழுங்கி, தேநீர் வட்டம் விழுந்து, நன்றாகப் புழங்கிய பிரதி.

“என் பொண்ணுக்குன்னு வாங்கி, நானே வெச்சுக்கிட்டேன்” என்றார் கமிட்டியைப் பார்த்து. “காசு கொடுக்கலை. அதையும் குறிப்புல எழுதிக்கோங்க.” பக்கம் புரட்டினார். முதல் பக்கத்தில் அத்தானின் கையெழுத்து, தேதி. அத்தர்க்காரரின் புத்தகத்துக்கு மூன்று வருஷம் முந்தியது. எழுபத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தார். “கோசுரேட். இருக்கு.”

அத்தர்க்காரர் எழுந்தார். “இது ஏதோ என் ஆளுங்க பண்ணின…”

“பெரியவரே, உக்காருங்க. விலை படிஞ்சாச்சு” என்றார் தலைவர்.

தீர்ப்பை அங்கேயே எழுதினார்கள். அவர் புத்தகம் முழுவதும் கடைகளிலிருந்து திரும்ப வரவேண்டும். பலகையில் தொங்கப்போவது அவர் பெயர். வெளியே வரும்போது அந்தப் பழைய பிரதியைத் தலைவர் அக்காவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

தெருவில் நடக்கும்போது சொன்னேன்: “மூணாம் பதிப்புல அந்த வார்த்தையைத் திரும்பப் போட்டுடறேன் அக்கா. ஃபாரம் கூடினாலும் பரவாயில்லை.”

“போடு. ஆனா அதுல இனிமே மீன் விழாது. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நான் வேற ஒண்ணு போட்டுக்கறேன்.”

“எது?”

அக்கா கொஞ்ச தூரம் நடந்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: “காலையில அறுபதுன்னு கேட்டியே. அவன் சரின்னு சொல்லியிருந்தா?”

ராத்திரி சாப்பிட்டபிறகு அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். கணக்கு இது. இரண்டு சாட்சி உள்ள சொல் எட்டாயிரத்து நானூற்றுப் பதினொன்று. ஒரு சாட்சி உள்ளது, நடுவில் ஓட்டையோடு, ஒன்று. ஆக எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அட்டைக் கணக்கு நேர். அத்தான் பெயர், முழுசாக வரவு. நான் ஏற்றிக் கேட்ட இருபது ரீம் மட்டும் அக்காவிடம் என் பற்றில் நிற்கிறது. அவள் தள்ளுபடி செய்யவில்லை. நானும் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவில்லை.